பிரதர் என்றால் பாதிச் சாமியார் இல்லை, அண்ணாச்சி

அண்ணாச்சிக்கு வணக்கம். உங்கள் கடிதம் மூன்று பக்கம். கடை, ஒற்றைப் பிள்ளை, அக்காமாரின் அழுகை என்று எல்லாம் இருக்கிறது. கேள்வி மட்டும் ஒன்றுதான்: "பிளஸ் டூ முடித்த பயல் கத்தோலிக்கத் துறவற சபையில் பிரதராகப் போகிறேன் என்கிறான். எத்தனை வருஷத்தில் சாமியார் ஆவான்?"

ஆகமாட்டான். அவன் இவ்வளவு நாளாக உங்களுக்குச் சொல்லிப் புரியவைக்க முடியாமல் தவிப்பது அதைத்தான் என்று நினைக்கிறேன்.

உங்களைக் குறை சொல்ல முடியாது. குருமடத்தில் படிக்கிற பையன் லீவுக்கு ஊருக்கு வந்தாலும் நாம் 'பிரதர்' என்றுதான் கூப்பிடுகிறோம். அவர் சாமியாராகும், அதாவது பூசை வைக்கும் குருவாகும், வழியில் இருப்பவர். உங்கள் மகன் சொல்லும் அருட்சகோதரர் வேறு. கற்பு, ஏழ்மை, கீழ்ப்படிதல் என்று கடவுளுக்கு மூன்று வாக்கு, அதாவது வார்த்தைப்பாடு, கொடுத்துவிட்டு, கடைசிவரை பிரதராகவே இருப்பவர். பூசை வைக்கமாட்டார், பாவசங்கீர்த்தனம் (பாவ அறிக்கை) கேட்கமாட்டார். பள்ளிக்கூடம், விடுதி, ஆஸ்பத்திரி, தொழிற்பட்டறை என்று அவருடைய நாள் போகும்.

தூத்துக்குடி லசால் பள்ளி உங்களுக்குத் தெரியும். அதை நடத்தும் லசால் சகோதரர்கள் சபை 1680-இல் பிரான்சின் ரேம்ஸ் நகரில் தொடங்கியது. நிறுவியவர் ஒரு குரு. தன் சபைச் சகோதரர்களில் ஒருவரையாவது குருவாக்கலாம் என்று நினைத்துப் படிக்க அனுப்பினார். குருப்பட்டம் வாங்கும் முன்பே அந்தச் சகோதரர் இறந்துபோனார். நிறுவனர் அதைக் கடவுள் காட்டிய குறி என்று எடுத்துக்கொண்டார். 'நம் சபையில் சாமியாரே வேண்டாம், எல்லாரும் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லட்டும்' என்று முடிவு செய்துவிட்டார். ஏற்காடு மான்ட்ஃபோர்ட் பள்ளியையும் அடையாறு செயின்ட் பேட்ரிக்ஸ் பள்ளியையும் நடத்தும் சபைகளும் சகோதரர்களுக்கான சபைகளே.

டான் போஸ்கோவின் சலேசியர்களும் இயேசு சபையினரும் வேறு மாதிரி. அங்கே குருக்களும் சகோதரர்களும் ஒரே வீட்டில் இருப்பார்கள். பையன் எந்த மாதிரிச் சபைக்குப் போகிறான் என்று முதலில் கேளுங்கள். கலந்த சபையில், 'எல்லாரும் சாமியாராகிவிட்டார்கள், நான் மட்டும் பிரதராகவே நிற்கிறேன்' என்ற மனக்குறை சிலருக்கு வரும். அதை மறைப்பதில் அர்த்தமில்லை. குருக்கள் சபைகளில் சகோதரர் ஒருவரைத் தலைவராக்க வழி திறந்ததே 2022 மே மாதம்தான், திருத்தந்தை பிரான்சிஸ் காலத்தில். அதற்கும் மேலிடத்து அனுமதி வேண்டும். அதே வருஷம் அக்டோபரில் அவர் புனிதராக்கிய அர்த்தெமிதே சாத்தி ஒரு சலேசிய சகோதரர். அர்ஜென்டினாவின் வியத்மா ஊரில் சைக்கிள் மிதித்து வீடு வீடாக நோயாளிகளைப் பார்த்த நர்ஸ். அவரும் முதலில் குருவாகத்தான் ஆசைப்பட்டார், காசநோய் வந்து வழி மாறியது.

சரி, பயிற்சிக்கு வருவோம். நீங்கள் பயப்படுகிற மாதிரி உள்ளே போனதும் கதவைப் பூட்டுவதில்லை. முதலில் ஒன்றிரண்டு வருஷம் விடுதி வாழ்க்கை மாதிரி. ஆங்கிலம், ஜெபம், கூடி வாழப் பழகுவது, அவ்வளவுதான். அடுத்து நொவிசியேட் என்கிற நவதுறவு. திருச்சபைச் சட்டப்படி 17 வயது நிறையாமல் அதில் சேர்க்கக் கூடாது. குறைந்தது முழுசாகப் பன்னிரண்டு மாதம். இயேசு சபையில் இரண்டு வருஷம்.

அந்த ஒரு வருஷத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் பெற்றோர் இடிந்துபோவது அங்கேதான். கல்லூரிப் படிப்பு கிடையாது. பல இல்லங்களில் செல்போனும் கிடையாது. விடியும் முன் எழுந்து ஜெபம், தியானம், பூசை. அப்புறம் சபையின் சட்டம், நிறுவனரின் வரலாறு என்று வகுப்பு. மத்தியானத்துக்கு மேல் தோட்டத்தில் மண்வெட்டி, இல்லையென்றால் அண்டா கழுவுவது. உங்கள் மகனைத் தூத்துக்குடியில் ஒரு தட்டு கழுவவிட்டிருக்கமாட்டீர்கள், எனக்குத் தெரியும். நினைத்தபோது வீட்டுக்கு வரவும் முடியாது. பதினைந்து நாளுக்கு மேல் வெளியே இருந்தால் அந்த நாட்களைச் சேர்த்து ஈடுசெய்ய வேண்டும். மூன்று மாதம் தாண்டினால் நவதுறவே செல்லாது. ஆனால் அவனுக்குப் பிடிக்கவில்லையென்றால் எந்த நாளும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்துவிடலாம். யாரும் தடுக்க முடியாது.

அது முடிந்தால் முதல் வார்த்தைப்பாடு. பெரும்பாலான சபைகளில் அது தற்காலிகமானது. குறைந்தது மூன்று வருஷம், வழக்கமாக ஆறு வருஷம்வரை. நீட்டித்தாலும் மொத்தம் ஒன்பதுதான். காலம் முடியும்போது, 'போதும், போகிறேன்' என்று வந்துவிடலாம். வாழ்நாள் முழுதுக்குமான நித்திய வார்த்தைப்பாட்டுக்கு 21 வயதாவது ஆக வேண்டும். கணக்குப் போட்டுப் பாருங்கள்: இன்றைக்குச் சேர்ந்தாலும், கடைசி முடிவு எடுக்கும்போது அவனுக்கு இருபத்தைந்து வயதை ஒட்டி இருக்கும். உங்கள் தெருவில் எத்தனை கல்யாணத்துக்கு இவ்வளவு யோசிக்க நேரம் கொடுக்கிறார்கள்?

இனி பணம். அவன் பி.எட். முடித்து அரசு உதவி பெறும் பள்ளியில் வாத்தியார் ஆனாலும் சம்பளம் சபைக்குத்தான் போகும், வீட்டுக்கு வராது. அந்தச் சம்பளத்தில் வருமான வரி பிடிக்கலாமா என்று துறவியரின் வழக்கு உச்ச நீதிமன்றம்வரை போய், பிடிக்கலாம் என்று 2024 நவம்பரில் தீர்ப்பாகிவிட்டது. ஆகவே வயதான காலத்தில் மகன் சம்பளம் என்று நீங்கள் கணக்கு வைத்திருந்தால், அதை இப்போதே அவனிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். சபையிடமும் கேளுங்கள். கூச்சப்பட வேண்டாம்.

இன்னொன்று. வாழ்க்கையை மாற்றுகிறேன் என்று கல்விக் கடன் வாங்கி இன்ஜினீயரிங்கில் தள்ளிவிடாதீர்கள். அடைக்க முடியாத கடன் உள்ளவரைச் சேர்க்கக் கூடாது என்பது திருச்சபைச் சட்டம். அந்தக் கடன் அவன் கையைக் கட்டிப்போடும். அதைத்தான் நீங்கள் விரும்புகிறீர்களோ என்னவோ.

இடையில் திரும்பி வந்தால்? உங்கள் நிஜமான பயம் இதுதான். சட்டம் கறாராகவே இருக்கிறது: உள்ளே செய்த வேலைக்குக் கூலி கேட்க முடியாது. வெளியே போகிறவரிடம் நியாயத்தோடும் அன்போடும் சபை நடந்துகொள்ள வேண்டும் என்றும் அதே சட்டம் சொல்கிறது. ஆனால் அந்த அன்பை வைத்து நேர்காணலுக்குப் போக முடியாது. சர்டிபிகேட் வேண்டும். ஆகவே என் யோசனை: இப்போதே பி.ஏ.வோ பி.எஸ்ஸி.யோ சேரட்டும், லீவுகளில், துறவுக்கு விருப்பமுள்ளவர்களுக்குச் சபைகள் நடத்தும் அழைத்தல் முகாம்களுக்குப் போகட்டும், பட்டம் வாங்கிய பிறகு உள்ளே போகட்டும். இப்போதே போயாக வேண்டும் என்றால், எந்த வருஷம், என்ன படிப்பு, எந்தக் கல்லூரி என்று பயிற்சிப் பொறுப்பாளரிடம் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். சலேசியர்களிடம் என்றால் தொழிற்பயிற்சியும் கேளுங்கள். லேத்தில் கை பழகியவனுக்கு எங்கும் வேலை உண்டு. ஒரிஜினல் மார்க் ஷீட்டை எங்கே கொடுத்தாலும் நான்கு நகல் வீட்டில் இருக்கட்டும்.

வருகிற மாதம் முகாமுக்குப் போகிறான் என்று எழுதியிருக்கிறீர்கள். பஸ் ஏற்றிவிட்டுத் திரும்பாதீர்கள், கூடப் போங்கள். இல்லத் தலைவரான ரெக்டரின் அறையில் காபி குடித்துவிட்டு வந்துவிடாமல், அங்கே இருக்கிற வயதான சகோதரர் ஒருவரைத் தேடிப் பிடியுங்கள். அவருக்கு மாத்திரை எடுத்துக் கொடுப்பது யார், சாப்பிடும்போது பக்கத்தில் உட்காருவது யார் என்று பாருங்கள். பார்த்ததை எனக்கு எழுதுங்கள், அப்புறம் பேசுவோம்.