ஹைகோர்ட் நீதிபதி மீது புகார்: எங்கே, எப்படி, எதுவரை?

கேள்வி: நான் முக்கியமாக நம்பியிருந்த ஆவணத்தைப் பார்க்காமலே நீதிபதி என் வழக்கைத் தள்ளுபடி செய்துவிட்டார். தலைமை நீதிபதிக்குப் புகார் அனுப்பலாமா ஐயா?

பதில்: அனுப்பலாம், ஆனால் அது கோப்பில் வைத்து மூடப்படும். தீர்ப்பு சரியா தப்பா என்பது குறித்த புகாரை முதல் கட்டத்திலேயே ஒதுக்கிவிடுவார்கள். அப்படித்தான் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் தோற்றவர்கள் எல்லோரும் நீதிபதி மீது விசாரணை கேட்பார்கள். உங்களுக்கு உள்ள வழி அப்பீல். சென்னையில் ரிட் மனுவில் (அரசின் செயலை எதிர்த்து நேரே ஹைகோர்ட்டில் போடும் மனு) தனி நீதிபதி போட்ட உத்தரவு என்றால், 30 நாளுக்குள் இரு நீதிபதிகள் பெஞ்சில் ரிட் அப்பீல் போடலாம். இரண்டாம் மேல்முறையீட்டுத் தீர்ப்பு என்றால் ஹைகோர்ட்டுக்குள் அப்பீல் கிடையாது. 90 நாளுக்குள் உச்ச நீதிமன்றத்தில் சிறப்பு அனுமதி மனுதான். ஆவணம் விடுபட்டது தீர்ப்பை வாசித்தாலே தெரிகிறதென்றால் அதே நீதிபதி மறுபடி பார்க்கக் கோரி 30 நாளுக்குள் சீராய்வு மனுவும் போடலாம். புகாருக்குப் பதில் வரும் என்று காத்திருந்து இந்தக் கெடுவை விட்டுவிடாதீர்கள்.

கேள்வி: வாதம் முடிந்து ஏழு மாதம் ஆகிறது. தீர்ப்பு வரவில்லை. வக்கீல் "பேசாமல் இருங்கள்" என்கிறார்.

பதில்: பேசாமல் இருக்க வேண்டியதில்லை. 2001-இல் அனில் ராய் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதற்கு வழி சொல்லியிருக்கிறது. தீர்ப்பு ஒத்திவைக்கப்பட்டு 3 மாதம் ஆனதும், விரைவில் தீர்ப்பு வழங்கக் கோரி அதே பெஞ்சில் மனு போடலாம். விடுமுறை நீங்கலாக 2 நாளுக்குள் அந்த மனு பட்டியலில் வர வேண்டும். 6 மாதம் தாண்டினால், வழக்கை வேறு பெஞ்சுக்கு மாற்றி மறுபடி வாதம் கேட்க வேண்டும் என்று தலைமை நீதிபதியிடமே மனு கொடுக்கலாம். நீங்கள் அந்தக் கட்டத்துக்கு வந்துவிட்டீர்கள். மனுவில் நீதிபதியைக் குறை சொல்ல வேண்டாம். ஒத்திவைத்த தேதியும் இன்றைய தேதியும் போதும்.

கேள்வி: நீதிபதிகளுக்கென்று நடத்தை விதி எழுத்தில் இருக்கிறதா?

பதில்: இருக்கிறது. 1997 மே 7 அன்று உச்ச நீதிமன்ற நீதிபதிகள் கூடி ஏற்றுக்கொண்ட 16 அம்சங்கள் அவை. நெருங்கிய உறவினரான வக்கீல் தன் முன் ஆஜராக விடக்கூடாது. அந்த உறவினர் நீதிபதியின் வீட்டைத் தொழிலுக்குப் பயன்படுத்த விடக்கூடாது. தான் பங்கு வைத்திருக்கும் கம்பெனியின் வழக்கு வந்தால், அதை வெளிப்படையாகச் சொல்லி, யாரும் ஆட்சேபிக்காவிட்டால் மட்டுமே விசாரிக்கலாம். உறவினர், நண்பர்களைத் தவிர வேறு யாரிடமும் பரிசோ விருந்தோ ஏற்கக்கூடாது. அரசியல் விஷயங்களில் பொதுவெளியில் கருத்துச் சொல்லக்கூடாது.

குறை இரண்டு. முதலாவது, இது நாடாளுமன்றம் இயற்றிய சட்டம் அல்ல. மீறினால் என்ன தண்டனை என்று அதில் ஒரு வரிகூட இல்லை. இரண்டாவது, மகன் அப்பாவின் கோர்ட் ஹாலில் ஆஜராகக் கூடாதே தவிர, அதே ஹைகோர்ட்டில் பக்கத்து ஹாலில் தாராளமாக ஆஜராகலாம். "அங்கிள் ஜட்ஜ்" என்று வக்கீல்கள் வருத்தத்தோடு சொல்வது இந்த ஓட்டையைத்தான். இதை அடைக்காமல் மற்ற அம்சங்களைப் பற்றிப் பேசுவதில் பெரிய பயன் இல்லை என்பது என் கருத்து.

கேள்வி: உண்மையிலேயே நடத்தைப் பிழை என்றால், புகார் எந்த வழியில் போகும்?

பதில்: இதற்கு உள்விசாரணை நடைமுறை என்று பெயர். 1999-இல் உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. புகார் அந்த ஹைகோர்ட் தலைமை நீதிபதிக்கோ, இந்தியத் தலைமை நீதிபதிக்கோ, குடியரசுத் தலைவருக்கோ போகலாம். மத்திய அரசின் குறைதீர் இணையதளத்தில் போட்டாலும் அரசு விசாரிக்காது, நீதித்துறைக்கே அனுப்பிவிடும். ஹைகோர்ட் தலைமை நீதிபதி அதில் விஷயம் இருப்பதாகக் கருதினால், சம்பந்தப்பட்ட நீதிபதியிடம் விளக்கம் கேட்பார். ஆழமாக விசாரிக்க வேண்டுமென்று தோன்றினால் தன் குறிப்புடன் டெல்லிக்கு அனுப்புவார். இந்தியத் தலைமை நீதிபதி மூவர் குழு அமைப்பார்: வேறு ஹைகோர்ட்டுகளின் தலைமை நீதிபதிகள் இருவர், ஹைகோர்ட் நீதிபதி ஒருவர். அங்கே வக்கீல் வைத்துக்கொள்ள முடியாது.

பதவி நீக்கும் அளவுக்குக் குற்றம் என்று குழு சொன்னால், ராஜினாமா செய்யவோ விருப்ப ஓய்வு பெறவோ நீதிபதிக்கு அறிவுறுத்தப்படும். மறுத்தால், அவருக்கு வழக்கு ஒதுக்குவதை நிறுத்திவிட்டு, குடியரசுத் தலைவருக்கும் பிரதமருக்கும் எழுதுவார்கள். அதற்கு மேல் நீதித்துறையால் எதுவும் செய்ய முடியாது. அலகாபாத் நீதிபதி எஸ்.என். சுக்லா மீது 2018-இல் குழு பாதகமான அறிக்கை கொடுத்தது. அவர் விலகவில்லை. வழக்கு எதுவும் ஒதுக்கப்படாமலே 2020-இல் வயது முடிந்து ஓய்வு பெறும்வரை பதவியில் இருந்தார். இடைப்பட்ட தண்டனை எதுவும் இல்லாததுதான் இந்த அமைப்பின் பெரிய பலவீனம். ஓர் எழுத்தருக்குக்கூட ஊதிய உயர்வை நிறுத்தலாம், பதவி இறக்கலாம். ஹைகோர்ட் நீதிபதிக்கோ அறிவுரை, இல்லாவிட்டால் பதவி நீக்கம். நடுவில் இடமாற்றம் ஒன்று உண்டு, அது தண்டனைக் கணக்கில் வராது.

கேள்வி: குழு அறிக்கையைத் தகவல் உரிமைச் சட்டத்தில் வாங்கலாமா?

பதில்: கேட்கலாம், ஆனால் எதிர்பார்க்காதீர்கள். உள்விசாரணை அறிக்கை ரகசியமானது என்று 2003-இலேயே இந்திரா ஜெய்சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

கேள்வி: நாடாளுமன்றம் இதுவரை ஒருவரையும் நீக்கவில்லையே, ஏன்?

பதில்: கணக்கு அப்படி. நோட்டீஸுக்கு மக்களவையில் 100 பேர் அல்லது மாநிலங்களவையில் 50 பேர் கையெழுத்திட வேண்டும். சபாநாயகரோ மாநிலங்களவைத் தலைவரோ அதை ஏற்ற பின், 1968 நீதிபதிகள் விசாரணைச் சட்டப்படி உச்ச நீதிமன்ற நீதிபதி, ஒரு ஹைகோர்ட் தலைமை நீதிபதி, சட்ட அறிஞர் என மூவர் விசாரிப்பார்கள். குற்றம் இல்லை என்றால் அத்தோடு முடிந்தது. குற்றம் என்றால், இரு அவைகளிலும் ஒரே கூட்டத்தொடரில் மொத்த உறுப்பினர்களில் பாதிக்கு மேலும், வாக்களித்தவர்களில் மூன்றில் இரண்டு பங்கும் ஆதரிக்க வேண்டும்.

மொத்த உறுப்பினர் என்ற அந்த நிபந்தனையில்தான் 1993 தீர்மானம் விழுந்தது. மெட்ராஸ் ஹைகோர்ட்டிலிருந்து உச்ச நீதிமன்றம் வரை போன வி. ராமசாமி, பஞ்சாப்-ஹரியானா தலைமை நீதிபதியாக இருந்தபோது செய்த செலவுகள் பற்றிய குற்றச்சாட்டு அது. மே 11 அன்று ஆதரவு 196, எதிர்ப்பு ஒன்றுகூட இல்லை. 205 பேர் வாக்களிக்காமல் உட்கார்ந்திருந்தார்கள், தீர்மானம் தோற்றது. கல்கத்தா நீதிபதி சௌமித்ர சென் என்பவரை நீக்க 2011-இல் மாநிலங்களவை 189-க்கு 17 என வாக்களித்தது. மக்களவைக்கு வருமுன் அவர் ராஜினாமா செய்தார். அதே ஆண்டு சிக்கிம் ஹைகோர்ட் தலைமை நீதிபதி பி.டி. தினகரனும் விசாரணை முடியுமுன் விலகினார். ராஜினாமா என்ற கதவு கடைசிவரை திறந்தே இருக்கிறது.

கேள்வி: யஷ்வந்த் வர்மா விஷயத்தில் ஏன் இரண்டு குழுக்கள்?

பதில்: 2025 மார்ச்சில், டெல்லி ஹைகோர்ட் நீதிபதியாக இருந்த அவருடைய வீட்டில் தீப்பிடித்தபோது எரிந்த பணம் கிடந்ததாக எழுந்த புகாரை முதலில் விசாரித்தது உள்விசாரணைக் குழு. அந்த அறிக்கையை வைத்து மட்டும் யாரையும் நீக்க முடியாது. அதனால் 146 எம்.பி.க்களின் நோட்டீஸை ஏற்று, ஆகஸ்ட் 12 அன்று மக்களவைத் தலைவர் 1968 சட்டப்படி தனிக் குழு அமைத்தார். அதில் மெட்ராஸ் ஹைகோர்ட்டின் அன்றைய தலைமை நீதிபதியும் ஓர் உறுப்பினராக இருந்தார்.

கேள்வி: லஞ்சம் என்றால் நேரே போலீசுக்குப் போகலாமா?

பதில்: மெட்ராஸ் ஹைகோர்ட்டின் முன்னாள் தலைமை நீதிபதி கே. வீராசாமி வழக்கில் 1991-இல் வந்த தீர்ப்பு இதில் முக்கியம். ஊழல் தடுப்புச் சட்டம் நீதிபதிகளுக்கும் பொருந்தும் என்றது அது. ஆனால் இந்தியத் தலைமை நீதிபதியுடன் கலந்தாலோசிக்காமல் எஃப்.ஐ.ஆர். போடக்கூடாது என்றும் சொன்னது. சுக்லா மீது சி.பி.ஐ. வழக்குப் பதிந்ததும் அந்த அனுமதி 2019-இல் கிடைத்த பிறகுதான். ஹைகோர்ட் நீதிபதியும் தன் வரம்புக்குள் வருவார் என்று 2025 ஜனவரியில் லோக்பால் சொன்னது. அடுத்த மாதமே உச்ச நீதிமன்றம் அதற்குத் தடை விதித்தது.

கேள்வி: புகார் எழுதினால் என் மேலேயே அவமதிப்பு வழக்கு வருமா?

பதில்: நியாயமான பயம். கீழமை நீதிபதியைப் பற்றி நல்லெண்ணத்தோடு ஹைகோர்ட்டுக்கு எழுதினால் 1971 நீதிமன்ற அவமதிப்புச் சட்டத்தின் 6-ஆம் பிரிவு பாதுகாக்கும். ஹைகோர்ட் நீதிபதி பற்றிய புகாருக்கு அந்தப் பிரிவு இல்லை. தண்டனை 6 மாதச் சிறை வரை, அபராதம் 2,000 ரூபாய் வரை. எனவே எழுத்தில் கவனம் வேண்டும். "விலைபோய்விட்டார்" என்று எழுதாதீர்கள். எந்தத் தேதி, எந்த வழக்கு எண், யார் பார்த்தது, என்ன ஆவணம் என்பதை எழுதுங்கள். தீர்ப்பைப் பற்றிய ஆதங்கத்தை அதில் கலக்காதீர்கள். கலந்தால் முழுப் புகாரும் அந்தக் காரணத்துக்காகவே மூடப்படும். பிரமாணப் பத்திரம் இணைத்தால் புகாரின் எடை கூடும். வாட்ஸ்அப்பிலும் முகநூலிலும் பரப்பாமல், சேர்ப்புச் சான்றுடன் ஸ்பீடு போஸ்டில் தலைமை நீதிபதிக்கு மட்டும் அனுப்பி, நகலையும் ரசீதையும் பத்திரமாக வைத்திருங்கள்.