வெளிநாட்டில் அரசியலும் பன்னாட்டு உறவுகளும் படிப்பது வீண் செலவா?

கேள்வி: புதுச்சேரியில் பி.ஏ. இறுதி ஆண்டு படிக்கிறேன். வெளிநாட்டில் அரசியலும் பன்னாட்டு உறவுகளும் முதுகலை படிக்க ஆசை. வீட்டில் வீண் செலவு என்கிறார்கள். உண்மையா?

வீட்டில் அப்படிச் சொன்னது யார் என்று நீங்கள் எழுதவில்லை. எங்கள் வீட்டில் சொன்னவர் தாய்மாமா. "அரசியல் படிக்கக் கடல் தாண்ட வேண்டுமா பாப்பா? மஞ்சக்குப்பம் மைதானத்தில் கூட்டம் நடக்கும்போது போய் நின்றாலே போதுமே" என்றார். கூடத்தில் இருந்த எல்லோரும் சிரித்தார்கள். எட்டு ஆண்டுகள் ஆகிவிட்டன, அந்தச் சிரிப்பு எனக்கு இன்னும் ஆறவில்லை. அதனால்தான் உங்கள் கேள்வியைக் கடந்து போக முடியவில்லை.

வசதியான வீட்டுப் பெண் பேசுகிறாள் என்று சிலர் நினைக்கலாம். அப்பாவுக்குப் பண்ருட்டியில் சிறிய முந்திரி வியாபாரம், அவ்வளவுதான். கல்விக் கடனுக்காக வீட்டுப் பத்திரம் வங்கிக்குப் போனது. கடைசித் தவணையைச் சென்ற ஆண்டுதான் கட்டி முடித்தேன்.

முதலில் நான் போனது கடலூரில் ஒரு வெளிநாட்டுக் கல்வி ஆலோசனை நிலையத்துக்கு. மூன்று முறை போனேன். மூன்று முறையும் மேலாண்மைப் படிப்பின் விளம்பரத்தாளையே கையில் கொடுத்தார்கள். எந்தப் படிப்பில் சேர்த்துவிட்டால் அவர்களுக்குக் கமிஷன் அதிகம் என்பது பிறகுதான் புரிந்தது. விண்ணப்பத்தைப் பல்கலைக்கழகத்தின் தளத்தில் நீங்களே நேரடியாகப் போடுங்கள்.

நான் சேர்ந்தது வேல்ஸில் உள்ள அபெரிஸ்துவித் பல்கலைக்கழகத்தில். பன்னாட்டு அரசியலுக்கென்று உலகிலேயே முதல் துறை 1919-இல் அங்கேதான் தொடங்கப்பட்டது. முதல் உலகப் போரில் இறந்த மாணவர்களின் நினைவாக, இனி அப்படியொரு போர் வரக்கூடாது என்ற எண்ணத்தில் உருவானது. சிறிய கடற்கரை ஊர். பெயர்ப்பலகைகளில் வெல்ஷும் ஆங்கிலமும் சேர்ந்தே இருக்கும். கடலூர் தேவனாம்பட்டினத்துக் கடற்காற்றில் வளர்ந்த எனக்கு அந்தக் காற்று மட்டும் பழகியதாக இருந்தது, மற்றதெல்லாம் புதிது.

முதல் கட்டுரைக்கு 52 மதிப்பெண். அங்கே 50 எடுத்தால் தேர்ச்சி, 70 எடுத்தால் மிகச் சிறப்பு. இது தெரிந்திருந்தும் அறைக்கு வந்து அழுதேன், ஏனென்றால் கல்லூரியில் மூன்று ஆண்டும் வகுப்பில் முதலிடம் எனக்குத்தான். ஆசிரியர் கட்டுரையின் கீழே எழுதியிருந்தார்: மார்கெந்தாவ் சொன்னதை எழுதிவிட்டாய், வால்ட்ஸ் சொன்னதையும் எழுதிவிட்டாய், நீ என்ன சொல்கிறாய்? இருவரும் இந்தத் துறையின் பெரிய அறிஞர்கள். பதினைந்து ஆண்டுகள் படித்திருக்கிறேன், அதுவரை ஒருவர்கூட என்னிடம் அந்தக் கேள்வியைக் கேட்டதில்லை.

அடுத்த கட்டுரைக்கு எங்கள் ஆயாவின், அதாவது பாட்டியின், கதையை எடுத்துக்கொண்டேன். ஆயாவுக்கு ஊர் புதுச்சேரியைச் சேர்ந்த பாகூர். அவருடைய அண்ணன் பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்துகொண்டு கப்பலேறினார், ஆயா இந்தியராகவே இருந்துவிட்டார். ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள், இரண்டு நாடு. பிரெஞ்சு ஆட்சியில் இருந்த புதுச்சேரியை இந்தியாவுடன் இணைப்பதா என்று 1954 அக்டோபர் 18 அன்று கீழூரில் வாக்களித்தவர்கள் 178 பேர். இணைப்புக்கு ஆதரவு 170, எதிர்ப்பு 8. எல்லோரும் தேர்ந்தெடுக்கப்பட்ட பிரதிநிதிகள், ஆயாவைப் போன்ற யார் கைக்கும் வாக்குச்சீட்டு வரவில்லை. நவம்பர் 1 அன்று நிர்வாகம் இந்தியாவிடம் வந்தது. அதே நாளில்தான் அல்ஜீரியாவில் பிரான்சுக்கு எதிரான விடுதலைப் போர் தொடங்கியது. புதுச்சேரி ஒப்பந்தம் 1956 மே 28 அன்று கையெழுத்தாகியும், பிரெஞ்சு நாடாளுமன்றம் அதை ஏற்று, சட்டப்படி ஊர் இந்தியாவின் கைக்கு வந்தது 1962 ஆகஸ்ட் 16 அன்று. அல்ஜீரியப் போர் ஓய்ந்த அதே ஆண்டு. பாகூர்க்காரர்களின் எட்டு ஆண்டுக் காத்திருப்புக்குக் காரணம் வட ஆப்பிரிக்காவில், அந்த அல்ஜீரியப் போரில் இருந்தது என்று எழுதினேன். இணைப்பையே மக்கள் விரும்பினார்கள் என்று நம்புகிறேன் என்றும், ஆனால் அவர்களிடம் நேராகக் கேட்கப்படவில்லை என்றும் எழுதினேன். 71 கிடைத்தது.

இதை எழுதும்போதே கோபம் வருகிறது. கடலூரிலிருந்து விடுமுறை நாளில் எத்தனை வண்டிகள் புதுச்சேரிக்குப் போகின்றன! அவற்றில் ஒன்றாவது கீழூர் நினைவிடத்துக்குப் போகிறதா? ஆகஸ்ட் 16 அன்று கொடியேற்றுகிறார்கள், அதோடு சரி. இந்தப் பக்கம் தேவனாம்பட்டினத்தில் புனித டேவிட் கோட்டை இடிந்து கிடக்கிறது. சென்னையை பிரெஞ்சுக்காரர்கள் பிடித்தபோது கிழக்குக் கரையில் ஆங்கிலேயரின் தலைமையிடம் அதுதான். நான் படித்த பள்ளியில் ஒருமுறைகூட எங்களை அங்கே கூட்டிப்போனதில்லை. உங்கள் கேள்விக்கும் இதற்கும் தொடர்பில்லை, தெரியும்.

வேலை விஷயத்தை மறைக்க மாட்டேன். இந்திய வெளியுறவுப் பணிக்கு வழி குடிமைப் பணித் தேர்வுதான், வெளிநாட்டுப் பட்டத்துக்கு அங்கே தனி மதிப்பெண் இல்லை. நான் திரும்பி வந்து எட்டு மாதம் வீட்டில் இருந்தேன். மாமா வாரம் ஒருமுறை வந்து விசாரித்துவிட்டுப் போவார். இப்போது சென்னையில், ஏற்றுமதி இறக்குமதி செய்பவர்களுக்கு எந்த நாட்டில் என்ன சிக்கல் வரலாம் என்று அறிக்கை எழுதும் நிறுவனத்தில் இருக்கிறேன். 2023 இறுதியில் செங்கடலில் கப்பல்கள் தாக்கப்பட்டு, நன்னம்பிக்கை முனையைச் சுற்றிப் போகத் தொடங்கியபோது, இரவு பகல் பார்க்காமல் உழைத்தோம். அப்பா வாங்கும் முந்திரிக் கொட்டையில் ஒரு பகுதி மேற்கு ஆப்பிரிக்காவின் ஐவரி கோஸ்டிலிருந்து வருகிறது. அங்கே தேர்தல் என்றால் இப்போது அவரே எனக்கு அழைத்து, "என்னம்மா, கொட்டை வருமா?" என்று கேட்கிறார்.

பிரிட்டன் என்றால் முதுகலை ஒரே ஆண்டு. கல்விக் கட்டணத்துக்கு மேல், மருத்துவக் கூடுதல் கட்டணம் ஆண்டுக்கு 776 பவுண்டு. விசாவுக்குக் காட்ட வேண்டிய பணம் வங்கிக் கணக்கில் தொடர்ந்து 28 நாள் இருக்க வேண்டும். படிப்புக்குப் பின் தங்கி வேலை தேடும் விசா என் காலத்தில் இல்லை, இப்போது உண்டு. ஆனால் 2027 ஜனவரி 1 முதல் விண்ணப்பிப்பவர்களுக்கு அதன் காலம் இரண்டு ஆண்டிலிருந்து பதினெட்டு மாதமாகக் குறைகிறது. பிரிட்டன் அரசு தரும் செவனிங் உதவித்தொகைக்கு இரண்டு ஆண்டு வேலை அனுபவம் கேட்பார்கள், அதனால் பி.ஏ. முடித்த கையோடு அதை நம்பி இருக்க வேண்டாம். புதுச்சேரியில் இருக்கிறீர்கள், பிரெஞ்சு தெரியுமா? தெரிந்தால் பிரான்சின் அரசுப் பல்கலைக்கழகங்களில் செலவு மிகவும் குறைவு. தெரியாவிட்டால் இன்றே அலியான்ஸ் பிரான்சேஸில் சேருங்கள்.

கடன் வாங்கினால் வட்டி எந்த மாதத்திலிருந்து ஓடும் என்று வங்கியில் கேட்டு, எழுத்தில் வாங்கிய பிறகு அப்பாவைக் கையெழுத்திடச் சொல்லுங்கள். நாங்கள் கேட்கவில்லை.