ஹைலக்ஸுக்கு எந்தக் கம்ப்ரஸர்? பெர்த்துக்குப் புதிதாக வந்த தம்பிக்கு

தம்பி, பெர்த்துக்கு வந்து எட்டு மாதம் ஆகிறது, பழைய டொயோட்டா ஹைலக்ஸ் ஒன்று வாங்கியிருக்கிறேன் என்று எழுதியிருந்தீர்கள். வேலை இடத்தில் ஆளாளுக்கு ஒன்று சொல்கிறார்கள்: வண்டியிலேயே ஏர் கம்ப்ரஸர் மாட்டிவிடு என்கிறார் ஒருவர், ஒரு மோட்டார் உள்ள சிங்கிள் போதும் என்கிறார் இன்னொருவர், இரண்டு மோட்டார் உள்ள ட்வின்தான் வேண்டும், கூடவே காற்றுச் சேமிக்கும் டேங்கும் வேண்டும் என்கிறார் மூன்றாமவர். எதைக் கேட்பது என்பதுதானே உங்கள் கேள்வி. எனக்கு ஊர் நாமக்கல். இங்கே வந்து பதினாறு வருடம். லாரி மெக்கானிக் வேலை. சின்ன வயதிலிருந்தே டயருக்கு நடுவில் வளர்ந்தவன் என்பதால் இந்தக் கேள்வி எனக்கு ரொம்பப் பிடித்தமானது. கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

நம் ஊரில் காற்று என்றால் பஞ்சர் கடை. பைபாஸில் எங்கே நின்றாலும் கண்ணுக்கு எட்டும் தூரத்தில் ஒரு டயர் தொங்கும். பாரம் ஏற்றும் வண்டிக்குக் காற்று குறையவே கூடாது என்பதுதான் நாம் கற்றுக்கொண்ட பாடம். இங்கே வந்த மூன்றாவது வருடம் அந்தப் பாடத்தோடுதான் பெர்த்துக்கு வடக்கே லான்செலின் தாண்டி வெட்ஜ் கடற்கரைக்குப் போனேன். மனைவி, கைக்குழந்தை, நான். டயரில் 36 பிஎஸ்ஐ. மணலில் இறங்கி ஐந்நூறு மீட்டர்கூடப் போகவில்லை, நான்கு சக்கரமும் புதைந்து வண்டி வயிற்றால் உட்கார்ந்துவிட்டது. கையால் மணலைத் தோண்டத் தோண்ட அது சரிந்து சரிந்து வந்தது. அலை நுரை பின் சக்கரத்துக்குப் பத்தடி தூரத்தில் வந்து வந்து போனது. மனைவி குழந்தையைத் தூக்கிக்கொண்டு மேட்டில் நின்றிருந்தாள்.

பழைய நிஸான் பேட்ரோலில் வந்த ஒரு வயதான தம்பதி நிறுத்தினார்கள். அந்தப் பெரியவர் கயிறு எடுப்பார் என்று பார்த்தேன். அவர் சட்டைப்பையிலிருந்து ஒரு சின்னப் பித்தளைக் கருவியை எடுத்து வால்வில் வைத்தார். நான்கு டயரையும் 18 பிஎஸ்ஐக்கு இறக்கினார். டயரின் அடிப்பாகம் மணலில் ஒரு முழம் நீளத்துக்குப் பரந்து உட்கார்ந்தது, ஒட்டகத்தின் பாதம் மாதிரி. சக்கரத்துக்குப் பின்னால் இருந்த மணலை மட்டும் தள்ளிவிட்டு, வந்த தடத்திலேயே மெதுவாக ரிவர்ஸ் எடுக்கச் சொன்னார். வண்டி தானாக ஏறி வந்தது. அப்புறம் தார் ரோட்டோரம் வரை கூடவே வந்து, தன் வண்டியின் பானெட்டைத் திறந்து, உள்ளே மாட்டியிருந்த கம்ப்ரஸரிலிருந்து ஹோஸை இழுத்து என் நான்கு டயருக்கும் காற்றுப் பிடித்துக் கொடுத்தார்.

மணலில் காற்றை இறக்க வேண்டும் என்பது அன்றைக்கு எனக்குத் தெரியாத விஷயம் இல்லை. வேலை இடத்தில் சொல்லித்தான் அனுப்பினார்கள். இறக்கிவிட்டால் திரும்ப எங்கே பிடிப்பது என்ற பயத்தில்தான் இறக்காமல் விட்டேன். பெட்ரோல் பங்க் முப்பது நாற்பது கிலோமீட்டர் தள்ளி இருந்தது. 18 பிஎஸ்ஐயில் தார் ரோட்டில் வேகமாக ஓட்டினால் டயர் சூடேறிப் பக்கச்சுவர் கெட்டுவிடும். ஆகவே கம்ப்ரஸர் எதற்கு என்று கேட்டால், பயமில்லாமல் காற்றை இறக்குவதற்கு என்றுதான் சொல்வேன். நீங்களும் அந்த அளவுக்கு வாங்கினால் போதும்.

சரி, எவ்வளவு காற்று வேண்டும்? உங்கள் வண்டியில் 265/65 ஆர் 17 டயர் என்று எழுதியிருக்கிறீர்கள். அதற்குள் கிட்டத்தட்ட 60 லிட்டர் இடம் இருக்கும். 18லிருந்து 38க்கு ஏற்ற 20 பிஎஸ்ஐ வேண்டும், அதாவது ஒரு டயருக்குச் சுமார் 80 லிட்டர் வெளிக்காற்று, நான்குக்கும் 320 லிட்டர். ஏ.ஆர்.பி. கம்பெனியின் சிங்கிள் மோட்டார் கம்ப்ரஸர், டயர் அழுத்தத்தில் நிமிடத்துக்கு ஏறக்குறைய 60 லிட்டர் தரும், ட்வின் ஏறக்குறைய 130 லிட்டர். சிங்கிளில் டயருக்கு இரண்டு நிமிடத்துக்குள், ட்வினில் முக்கால் நிமிடத்துக்குள். குனிந்து மூடியைக் கழற்றி ஹோஸை மாற்றும் நேரம் இரண்டுக்கும் ஒன்றுதான், ஆகவே மொத்தத்தில் மூன்று நிமிடம்தான் வித்தியாசம். உங்கள் டயர் அளவுக்கு ட்வின் தேவையில்லை என்பது என் உறுதியான கருத்து. 33 இஞ்ச், 35 இஞ்ச் டயர் போட்டவர்கள், கேரவன் இழுப்பவர்கள், ஏர் டூல் ஓட்ட நினைப்பவர்கள் ட்வின் வாங்கட்டும். ஒரே அச்சின் இரண்டு சக்கரத்தையும் சேர்ந்து சுற்ற வைக்கும், காற்றில் இயங்கும் டிஃப் லாக்கர் போட்டால்தான் நிரந்தரமாக மாட்டிய கம்ப்ரஸர் கட்டாயம், அதற்கும் சிங்கிளே போதும்.

கடைக்குப் போனால் டப்பாவில் 0 பிஎஸ்ஐயில் எத்தனை லிட்டர் என்பதைத்தான் பெரிய எழுத்தில் போட்டிருப்பார்கள். அதைப் பார்க்காதீர்கள். 30 பிஎஸ்ஐ பக்கம் எத்தனை லிட்டர், எவ்வளவு நேரம் நிறுத்தாமல் ஓடும் என்று கேளுங்கள். 33 சதவீத டியூட்டி சைக்கிள் என்றால் பத்து நிமிடம் ஓடினால் இருபது நிமிடம் ஆற வேண்டும் என்று அர்த்தம். நாற்பது டிகிரி வெயிலில் மூன்று வண்டிக்காரர்கள் வரிசையில் நிற்கும்போது இது பெரிய விஷயம்.

டேங்க் பற்றி. நமக்குக் கம்ப்ரஸர் என்றாலே பஞ்சர் கடையின் பெரிய டேங்க்தான் கண்ணுக்கு வரும், அதனால் டேங்க் இல்லாதது குறை மாதிரித் தோன்றும். வண்டியில் மாட்டுவது நாலு லிட்டர் டேங்க். அதில் 150 பிஎஸ்ஐ நிரப்பி 40 வரை இறக்கினால் கிடைப்பது 30 லிட்டர் காற்று. ஒரு டயருக்கே பாதி வராது. ரிம்மிலிருந்து கழன்ற டயரை ஒரே அடியில் உட்கார வைக்கவும், தூசி ஊதவும் டேங்க் நல்லது. காற்றுப் பிடிக்க மட்டும் என்றால் அந்தப் பணத்துக்கு நல்ல டயர் கேஜும் புதைந்த சக்கரத்துக்கு அடியில் வைக்கும் மணல் ஏணிப் பலகை இரண்டும் வாங்குங்கள்.

இன்னொன்றும் யோசியுங்கள். உங்கள் விசா இன்னும் தற்காலிகம்தான், அடுத்த வருடம் வேலைக்காகக் கராத்தாவுக்கோ பிரிஸ்பேனுக்கோ மாற வேண்டி வரலாம், வண்டியை விற்கவும் நேரலாம் என்றீர்கள். அப்படியானால் மாட்டவே வேண்டாம். பேட்டரி முனையில் நேரடியாகக் கவ்விக்கொள்ளும் நல்ல போர்ட்டபிள் கம்ப்ரஸர் ஒன்று பையில் இருந்தால் எந்த வண்டிக்கும் ஆகும். ஏறக்குறைய நான்கு வருடம் நான் அப்படித்தான் ஓட்டினேன். சிகரெட் லைட்டர் சாக்கெட்டில் செருகும் சின்னதை மட்டும் வாங்காதீர்கள், அந்த சாக்கெட் தாங்கும் கரண்டில் பெரிய மோட்டாரை ஓட்ட முடியாது. இந்த வண்டி நிலையாக இருக்கும் என்று தெரிந்த பிறகு நிரந்தரமாக மாட்டிக்கொள்ளலாம்.

மாட்டுவது என்று முடிவெடுத்தால், எந்த பிராண்ட் என்பதைவிட வயரிங்கில் கவனம் வையுங்கள். இங்கே புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் விழும் குழி ஒன்று உண்டு. ஆஸ்திரேலியக் கடையில் 6 எம்எம் ஆட்டோ வயர் என்று கேட்டால் ரப்பர் உறையோடு சேர்த்து 6 மில்லிமீட்டர் தடிமன் உள்ள வயரைத் தருவார்கள். நாம் ஊரில் சொல்லும் 6 ஸ்கொயர் எம்எம் அது இல்லை, உள்ளே செம்பு சுமார் 4.6 ஸ்கொயர் எம்எம்தான். ட்வின் கம்ப்ரஸர் 50 ஆம்பியர் பக்கம் இழுக்கும். என் இப்போதைய வண்டிக்கு ஒரு கடையில் மாட்டியபோது அந்த மெல்லிய வயரையே பின் பெட்டி வரைக்கும் இழுத்திருந்தார்கள். இரண்டாவது டயரிலேயே மோட்டாரின் சத்தம் இறங்கியது, உறையைத் தொட்டால் கொதித்தது. நானே பிரித்து, 6 பி அண்ட் எஸ் என்ற தடிமன் அளவைச் சொல்லிக் கேட்டு வாங்கி, அது 13.5 ஸ்கொயர் எம்எம், மறுபடி இழுத்தேன். அன்றிலிருந்து ஒரே சீரான சத்தம். சிங்கிள் என்றால் இவ்வளவு தடிமன் வேண்டாம், கம்ப்ரஸரோடு வரும் வயரையே வெட்டாமல் ஒட்டாமல் அப்படியே போடுங்கள்.

இடம் என்று பார்த்தால் பானெட்டுக்கு உள்ளேதான் எனக்குப் பிடிக்கும். வயர் குட்டையாக இருக்கும், தூசி குறைவு. உங்கள் மாடலுக்கென்றே பிராக்கெட் கிடைக்கும், இரண்டாவது பேட்டரி வைக்கும் எண்ணம் இருந்தால் அந்த இடத்தோடு மோதாததாகப் பாருங்கள். எக்ஸாஸ்ட் பக்கம் வேண்டாம். ஃபியூஸ் பேட்டரிக்குப் பக்கத்திலேயே இருக்கட்டும். எஞ்சின் ஓடும்போது மட்டும் கம்ப்ரஸரைப் போடுங்கள். வெளியே வரும் காற்று நன்றாகச் சுடும், முதல் ஹோஸ் கம்பிப் பின்னல் போட்டதாக இருக்கட்டும், பித்தளை இணைப்பை வெறும் கையால் பிடிக்காதீர்கள். மாட்டியதை இன்ஷூரன்ஸுக்கு ஒரு போன் போட்டுச் சொல்லிவிடுங்கள்.

முதல் பயணத்துக்கு டென்ஹாம் பக்கம் ஃபிரான்ஸ்வா பெரோன் தேசியப் பூங்காவுக்குப் போங்கள். பெர்த்திலிருந்து எண்ணூறு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல், நீண்ட வார இறுதிக்குச் சரியாக இருக்கும். பழைய பண்ணை வீட்டருகே டயரில் காற்று இறக்கவும் திரும்பப் பிடிக்கவும் வசதி செய்து வைத்திருக்கிறார்கள், அதைத் தாண்டி மணல்தான். கம்ப்ரஸர் வாங்குவதற்கு முன்பே 20 பிஎஸ்ஐயில் வண்டி எப்படி மிதக்கிறது என்று பயமில்லாமல் பழகிக்கொள்ளலாம். எவ்வளவு இறக்கினீர்கள், திரும்பப் பிடிக்க எவ்வளவு நேரம் ஆனது என்று குறித்து வைத்துக்கொண்டு எனக்கு எழுதுங்கள், அதை வைத்து எது வாங்கலாம் என்று சேர்ந்து முடிவு செய்வோம்.

ஹோஸ் வாங்கும்போது ஆறு மீட்டருக்குக் குறைவாக வாங்காதீர்கள். ஹைலக்ஸ் நீளமான வண்டி. பானெட்டிலிருந்து பின் சக்கரத்தை எட்டினால் மட்டும் போதாது, பின்னால் பாரம் ஏற்றும் தட்டுக்கு அடியில் தொங்கும் ஸ்டெப்னியையும் எட்ட வேண்டும். இங்கே அதை ஸ்பேர் என்று கேளுங்கள், ஸ்டெப்னி என்றால் யாருக்கும் புரியாது.