அதிர்வு சென்சார் 0, 1 மட்டுமே காட்டுகிறது, திருப்பிக் கொடுக்கலாமா?

கேள்வி: திருவொற்றியூரில், எண்ணூர் விரைவுச் சாலையை ஒட்டி எங்கள் வீடு. கன்டெய்னர் லாரி போனால் ஜன்னலே கிடுகிடுக்கும். எந்த லாரிக்கு எவ்வளவு அதிர்கிறது என்று பள்ளிக் கண்காட்சிக்காக அளக்க மகள் ஆசைப்பட்டாள். ரிச்சி தெருவில் எஸ்டபிள்யூ-420 சென்சார் வாங்கி ஆர்டுயினோ ஊனோ என்ற சிறு கணினிப் பலகையில் இணைத்தோம். 0 அல்லது 1 தான் வருகிறது. கடைக்காரர் திரும்ப எடுக்க மறுக்கிறார். என்ன செய்வது?

பதில்: பொருள் பழுது என்று தோன்றவில்லை. எஸ்டபிள்யூ-420 வெறும் சுவிட்ச். ஆடாமல் இருந்தால் மூடியிருக்கும், ஆட்டினால் திறக்கும். அதை எல்எம்393 சிப் 0, 1 ஆக்கித் தருகிறது, அவ்வளவுதான். நீலப் பெட்டியில் உள்ள திருகு மாற்றுவது உணர்திறனை மட்டுமே. சில போர்டுகளில் ஏஓ (அனலாக் அவுட்புட்) என்று நான்காவது பின் இருக்கும், அளவைத் தருவதுபோல் தோன்றும். அதை நம்பி வாங்காதீர்கள், உள்ளே இருப்பது அதே சுவிட்ச்தான்.

சோதிப்பது சுலபம். புரோகிராம் எதுவும் வேண்டாம், 5 வோல்ட்டும் கிரவுண்டும் மட்டும் கொடுங்கள். திருகைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பிக்கொண்டே மேசையை விரலால் தட்டுங்கள். ஏதாவது ஓரிடத்தில் போர்டிலுள்ள சிறு விளக்கு சிமிட்ட வேண்டும். சிமிட்டினால் பொருள் நல்லது. அப்போது கடைக்காரரைக் கட்டாயப்படுத்த முடியாது. 'அதிர்வின் அளவைக் காட்டும்' என்று சொல்லியோ அச்சிட்டோ விற்றிருந்தால் மட்டும் கதை வேறு.

சிமிட்டவே இல்லையா? விடாதீர்கள். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, பழுதான பொருளை பில்லில் குறிப்பிட்ட காலத்துக்குள், காலம் குறிப்பிடாவிட்டால் 30 நாளுக்குள், திரும்பப் பெற மறுப்பது முறையற்ற வணிக நடைமுறை. 'விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது' என்ற முத்திரை அங்கே செல்லாது. பில் தராமல் விற்பதும் தவறுதான். 1915 என்ற உதவி எண்ணில் புகார் சொல்லலாம்.

சரி, மகளின் ஆசை? அருமையான கேள்வியைப் பிடித்திருக்கிறாள், அதைக் கைவிட வேண்டாம். எம்பியு6050 முடுக்கமானி (வேகம் எவ்வளவு சட்டென மாறுகிறது என்று அளக்கும் சென்சார்) வாங்குங்கள். அதன் எஸ்டிஏ பின்னை ஊனோவின் ஏ4-லும், எஸ்சிஎல் பின்னை ஏ5-லும் இணைத்து, புரோகிராமில் ±2ஜி (ஜி என்பது புவியீர்ப்பு முடுக்கம்) வரம்பில் வைத்தால் அதிர்வு எண்ணாகவே வரும். ஒயரில் தொங்கவிடாமல் ஜன்னல் சட்டத்தில் அழுத்தமாக ஒட்டுங்கள். சுவரின் நுண்ணதிர்வுக்கு இது போதாமல் போகலாம், ஜன்னல் இப்படி ஆடினால் வித்தியாசம் தெரிய வாய்ப்புண்டு. இந்த போர்டு பெரும்பாலும் பின்கள் தனியாகத்தான் வரும். கடையிலேயே சால்டர் செய்து தரச் சொல்லி வாங்குங்கள். பின் ஆடினால் அளவும் தாறுமாறாகக் குதிக்கும்.