ஸ்டெயின் மேல் லாக்கர்: நிறம் கலைந்தது ஏன்?

கேள்வி: தேக்குப் புத்தக அலமாரிக்கு வால்நட் நிற ஆயில் ஸ்டெயின் அடித்து, மறுநாளே பிரஷ்ஷால் என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) லாக்கர் பூசினோம். நிறம் இழுபட்டுத் திட்டுத்திட்டாகிவிட்டது. போதாக்குறைக்குப் பால் படிந்த மாதிரி வெள்ளை வேறு. லாக்கர் போலியா?
- வாசகி, செம்பூர், மும்பை

பதில்: லாக்கர் மேல் பழி வேண்டாம். இவை இரண்டும் தனித்தனிக் கோளாறுகள்.

காயாத ஸ்டெயினை லாக்கரிலுள்ள தின்னர் கரைத்திருக்கிறது, பிரஷ் அதை இழுத்திருக்கிறது. வெயில் நாளில் ஒரே நாளில் காய்கிற ஆயில் ஸ்டெயின், மும்பை மழையில் மூன்று நாள்கூடக் கேட்கும். வெள்ளைப் பனியன் துணியால் அழுத்தித் துடைத்துப் பாருங்கள். துணியில் பழுப்பு ஏறினால் இன்னும் பொறுக்க வேண்டும். மரம் குடித்தது போக மேலே நிற்கும் ஸ்டெயினை 10 நிமிடத்துக்குள் துடைத்துவிடுவதும் அவசியம். துடைத்த துணியைச் சுருட்டிப் போடாதீர்கள், தானாகவே தீப்பிடிக்கக்கூடும், விரித்துக் காயவிடுங்கள்.

தின்னர் வேகமாக ஆவியாகும்போது பரப்பு குளிர்ந்து, காற்றிலுள்ள ஈரம் அதில் படிகிறது. அந்த வெள்ளைதான் இது. மழை விட்ட பகலில் ரிடார்டர் தின்னரை (மெதுவாக ஆவியாகும் தின்னர்) மட்டும் லேசாக ஸ்ப்ரே செய்தால் படலம் இளகி, பெரும்பாலும் தெளிந்துவிடும். திட்டு நிறம் அப்படிச் சரியாகாது. தின்னர் துணியால் லாக்கரை எடுத்து, 180, பிறகு 220 உப்புத்தாள் தேய்த்து, ஸ்டெயினிலிருந்து தொடங்க வேண்டியதுதான்.

இம்முறை ஸ்டெயின் காய்ந்தபின் உப்புத்தாளைத் தொடாதீர்கள். சாண்டிங் சீலரும் (லாக்கருக்கு முன் அடிக்கும் அடிப்பூச்சு) தின்னரும் சம அளவு கலந்து, ஸ்ப்ரே கன்னை ஒரு சாண் தள்ளிப் பிடித்து, முதல் கோட்டிங்கைத் தூவின மாதிரி அடியுங்கள். மெல்லிசாக விழுந்தால் ஸ்டெயினைக் கரைக்கும் முன்பே காய்ந்துவிடும். 10 நிமிடம் கழித்து, நனைகிற மாதிரி இன்னொன்று. ஒரு மணி நேரம் விட்டு 320 உப்புத்தாள், ஆனால் விளிம்புகளில் வேண்டாம்: அங்கே இரண்டு இழுப்பிலேயே சீலர் தேய்ந்து வெளிர் மரம் கீற்றாகத் தெரியும். பிறகு லாக்கர் மூன்று கோட்டிங். ஜன்னல்கள் திறந்திருக்கட்டும், அடுப்பும் பூஜை விளக்கும் அணைந்திருக்கட்டும். துணி மாஸ்க் இந்த ஆவியைத் தடுக்காது. கார்பன் கார்ட்ரிட்ஜ் வைத்தது வாங்குங்கள்.

கேள்வி: வெள்ளை எனாமல் அடித்த கதவுக்குப் பளபளப்பு கூட்ட லாக்கர் அடிக்கலாமா?
- வாசகர், முலுண்ட், மும்பை

பதில்: வேண்டாம். தின்னர் பட்டதும் எனாமல் ஊறி, சுட்ட கத்தரிக்காய்த் தோல் மாதிரி சுருங்கி எழும்பும். தப்பினாலும் என்.சி. லாக்கர் நாளடைவில் மஞ்சளாகி வெள்ளையைக் கெடுக்கும். 320 உப்புத்தாளால் பளபளப்பைக் கொன்று, தூசி துடைத்து, தண்ணீரில் கலக்கும் பாலியூரித்தேன் கிளியர் இரண்டு கோட்டிங் அடியுங்கள்.