இறகும் முடியும் செதுக்கும் வேலைக்குப் போகிறேன் என்கிறாள் மகள்: பணம் கட்டலாமா?

நாமக்கல் பக்கத்திலிருந்து எழுதியிருக்கும் அம்மாவுக்கு வணக்கம்.

பிளஸ் டூவில் பயாலஜி குரூப் எடுத்த மகள் நீட் இன்னொரு முறை எழுத மாட்டேன் என்று சொல்லிவிட்டாள். கம்ப்யூட்டரில் பறவைக்கு இறகு, மிருகத்துக்கு ரோமம், மனிதனுக்கு முடி செய்கிற வேலைக்குப் போக வேண்டும் என்கிறாள். ஒரு தனியார் பயிற்சி நிலையம் லட்சக்கணக்கில் ஃபீஸ் சொல்லி, நூறு சதவீதம் வேலை உறுதி என்கிறது. பண்ணை வைத்திருக்கும் அவள் அப்பாவுக்கோ, இது ஒரு வேலையா என்பதே பிடிபடவில்லை. இவ்வளவையும் எழுதிவிட்டு, கட்டலாமா வேண்டாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

இப்போது கட்ட வேண்டாம். ஆனால் மகளின் ஆசையை ஒதுக்கவும் வேண்டாம். இந்த ஜூனில் ஏதாவது ஒரு டிகிரியில் சேரட்டும். கூடவே ஆறு மாதம் நான் கீழே சொல்கிற பயிற்சியைச் செய்யட்டும். அதைப் பார்த்த பிறகு பணத்தைப் பற்றிப் பேசலாம்.

முதலில் அப்பாவின் கேள்வி. ஆம், இது வேலைதான். சினிமாவிலும் கேமிலும் வருகிற புலி, குதிரை, கழுகு, கதாநாயகியின் கூந்தல் இவற்றையெல்லாம் கம்ப்யூட்டரில் உருவாக்கும்போது உடம்பை ஒருவர் செதுக்குவார், முடியையும் இறகையும் பெரும்பாலும் இன்னொருவர் செய்வார். பெரிய ஸ்டூடியோக்களில் இவர்களுக்கு க்ரூம் ஆர்ட்டிஸ்ட் என்று தனிப் பெயரே உண்டு. சிறிய ஸ்டூடியோவில் கேரக்டர் ஆர்ட்டிஸ்ட்டே இதையும் சேர்த்துச் செய்வார். டிஎன்இஜி போன்ற பன்னாட்டு நிறுவனங்களுக்குச் சென்னையில் கிளை இருக்கிறது. ஃபேன்டம் போல இங்கேயே வளர்ந்த நிறுவனங்களும் உண்டு. சினிமாவை விட்டால் நகைத் தொழில் இருக்கிறது. மயில் பதக்கம், அன்னம் வைத்த வளையல் போன்றவற்றை இப்போது ஸீபிரஷ் போன்ற மென்பொருளில் செதுக்கி, மெழுகில் அச்செடுத்து வார்க்கிறார்கள். உங்களுக்குப் பக்கத்தில் இருக்கும் கோவை இந்தத் தொழிலுக்குப் பெரிய ஊர். பெற்றோர் யாரும் இதை யோசிப்பதில்லை என்பதால் சொல்கிறேன்.

இந்த வேலையில் மென்பொருள் தெரிந்தவர்களுக்குப் பஞ்சமே இல்லை. ஸீபிரஷில் ஃபைபர்மெஷ் என்ற வசதி 2012-லேயே வந்துவிட்டது. ஒரு பொத்தானைத் தட்டினால் தலை முழுக்க முடி முளைக்கும். மாயா என்ற முப்பரிமாண மென்பொருளில் முடியும் இறகும் செய்ய எக்ஸ்ஜென் இருக்கிறது, அது டிஸ்னி தன் சொந்தப் படங்களுக்காக உருவாக்கிய கருவி. பிளெண்டர் என்ற இன்னொரு மென்பொருள் இலவசம். அதில் 2022-ல் வந்த 3.3 பதிப்பிலிருந்து முடியைச் சீப்பால் வாருவது போலவே வாரிவிடலாம். இவற்றின் பட்டன்களைக் கற்றுக்கொள்ளச் சில மாதம் போதும். ஆட்களைத் தேர்வு செய்கிறவர்கள் தேடுவது வேறு. முடி எங்கிருந்து முளைக்கிறது, எந்தப் பக்கம் சாய்கிறது, எங்கே ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கிறது என்பதைப் பார்த்துப் பழகிய கண் அது. அந்தக் கண் உங்கள் மகளுக்கு இருக்கிறதா, வளருமா என்பதை வீட்டிலேயே சோதிக்கலாம். உங்கள் வீட்டில் அதற்கு வசதி ரொம்பவே அதிகம், பின்னாலேயே கோழிப்பண்ணை இருக்கிறதே!

முதல் இரண்டு மாதம் ஒரே ஒரு இறகு. கோழியின் சிறகிலிருந்து உதிர்ந்த பெரிய இறகு ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். நடுத்தண்டின் இரு பக்கமும் ஒரே அகலமாக இருக்காது. பறக்கும்போது காற்றை எதிர்கொள்கிற பக்கம் குறுகலாகவும் மறுபக்கம் அகலமாகவும் இருக்கும். கணினியில் இறகு செய்யும் ஆரம்பக்காரர்களில் பாதிப்பேர் இரு பக்கத்தையும் சமமாகச் செய்து, வாழையிலை மாதிரி ஒன்றைக் கொண்டுவந்து காட்டுவார்கள். தண்டிலிருந்து கிளம்பும் இழைகளை விரலால் பிரித்தால் ஓரிடத்தில் பிளவு விழும். அடியிலிருந்து நுனி நோக்கி நீவிவிட்டால் பிளவு மறைந்துவிடும். ஒவ்வொரு இழையிலும் இருக்கும் நுண்ணிழைகளின் கொக்கிகள் மறுபடி மாட்டிக்கொள்வதுதான் காரணம். அந்தப் பிளவுகளை இரண்டு மூன்று இடத்தில் மட்டும், ஒன்றுபோல் ஒன்று இல்லாமல் வைத்தால் கம்ப்யூட்டர் இறகுக்கு உயிர் வந்துவிடும். தண்டின் அடியில் இழைகளுக்குக் கொக்கி கிடையாது, அங்கே பஞ்சு மாதிரி தூவி பறந்துகொண்டிருக்கும். அதையும் விட்டுவிடக் கூடாது.

அடுத்து ஒரு சிறகு முழுவதும். இதில் அப்பாவின் உதவி தேவைப்படும். முட்டைக்கோழி வளர்க்கிறவர்களுக்குத் தெரியும், சிறகின் வெளிப்பகுதியில் பத்துப் பெரிய இறகுகள் இருக்கும், அவற்றுக்கும் உள்பக்க இறகுகளுக்கும் நடுவில் குட்டையாக ஒன்று இருக்கும். கோழி முட்டையிடுவதை நிறுத்தி இறகு உதிர்க்கும்போது அந்தக் குட்டை இறகை ஒட்டியதில் தொடங்கி வெளிப்பக்கமாக ஒவ்வொன்றாக விழும். எத்தனை விழுந்திருக்கிறது என்று பார்த்தே அது முட்டையை நிறுத்தி எத்தனை நாளாகிறது என்று அனுபவசாலிகள் கணக்குச் சொல்வார்கள். இந்த வரிசையைப் புத்தகம் பார்த்துத்தான் மற்ற மாணவர்கள் படிக்க வேண்டும். உங்கள் மகள் அப்பாவோடு கூண்டருகே நின்று, சிறகை விரித்துப் பிடித்துப் படிக்கலாம். மடக்கும்போது எது எதன் அடியில் போகிறது என்பதையும் அங்கேயே பார்த்துக்கொள்ளலாம். மடக்கிய சிறகில் இறகுகள் ஒன்றையொன்று துளைத்துக்கொண்டு நிற்பதுதான் இந்தத் துறையில் எல்லோருக்கும் வருகிற பெரிய தொல்லை.

இன்னொன்று, கசாப்புக் கடையில் இறகு பிடுங்கிய கோழியின் தோலைக் கவனிக்கச் சொல்லுங்கள். புள்ளிகள் உடம்பு முழுக்கப் பரவியிருக்காது. பட்டை பட்டையாக வரிசைகளில் இருக்கும், நடுநடுவே வெறும் தோல். இறகுகள் அந்த வரிசைகளில் முளைத்து, பின்னால் இருப்பதன் அடியை முன்னால் இருப்பது மூடி, உடம்பையே மறைத்துவிடுகின்றன. எக்ஸ்ஜெனிலோ பிளெண்டரிலோ உடம்பு முழுக்க ஒரே சீராக இறகை விதைத்துவிட்டு, ஏன் பொம்மை மாதிரி இருக்கிறது என்று திகைக்கிறவர்களுக்கான பதில் அந்தக் கசாப்புக் கடையில் தொங்குகிறது. பயாலஜி படித்தது வீண்போகவில்லை என்று மகளிடம் சொல்லுங்கள். இந்தத் துறையில் அது நிஜமாகவே ஒரு முன்தொடக்கம்.

மூன்றாவதாக முடி. இதற்கு உங்கள் தலையே போதும். மனிதத் தலையில் சுமாராக ஒரு லட்சம் முடிகள். யாரும் ஒவ்வொன்றாக வைப்பதில்லை. சில நூறு வழிகாட்டி முடிகளைக் கையால் வளைத்து வைத்தால் மீதியை மென்பொருள் நிரப்பிக்கொள்ளும். அந்தச் சில நூறில்தான் சுழி, வகிடு, நெற்றியோரத்துப் பூனைமுடி எல்லாம் இருக்கின்றன. தேங்காய் எண்ணெய் வைத்து வாரிய தலையையும் சீயக்காய் போட்டு அலசிக் காய்ந்த தலையையும் பக்கத்தில் பக்கத்தில் செய்யச் சொல்லுங்கள். எண்ணெய்த் தலையில் முடிகள் கற்றை கற்றையாக ஒட்டும், இடையில் தலைத்தோல் தெரியும், மினுக்கம் மெல்லிய கோடாகக் கூர்மையாக விழும். அலசிய தலையில் மினுக்கம் பரவும், ஓரங்களில் தனித்தனி முடிகள் எழுந்து நிற்கும். முடியில் விழும் மினுக்கம் ஒன்றல்ல, இரண்டு. ஒன்று வெளிச்சத்தின் நிறத்திலேயே மேற்பரப்பில் பட்டுத் திரும்புவது. மற்றொன்று முடிக்குள் போய், முடியின் நிறத்தை வாங்கிக்கொண்டு, கொஞ்சம் தள்ளி விழுவது. மனித முடியை அளந்து 2003-ல் வெளியான ஒரு ஆய்வுக்கட்டுரை இதை விளக்கியது. இன்றைய ரெண்டரிங் மென்பொருட்களின், அதாவது செதுக்கிய உருவத்தை வெளிச்சத்தோடு இறுதிப் படமாக்கும் மென்பொருட்களின் முடி அமைப்புகள் பெரும்பாலும் அதிலிருந்து வந்தவை. இந்த இரண்டு மினுக்கத்தையும் கண்ணாடி முன்னால் நின்றே கண்டுபிடிக்கலாம்.

கம்ப்யூட்டர் விஷயம். விலை உயர்ந்த கிராஃபிக்ஸ் கார்டு இல்லாமல் முடியாது என்று மகள் சொன்னால் அவசரப்பட வேண்டாம். ஸீபிரஷ் முக்கியமாக பிராசஸரையும் மெமரியையும் நம்பி ஓடுவது. ரெண்டரிங் செய்யும்போதுதான் கார்டு கைகொடுக்கும். இந்த ஆறு மாதத்துக்கு இருக்கிற கம்ப்யூட்டர், பிளெண்டர், சிறிய பென் டேப்லெட் ஒன்று, இவை போதும். மவுஸால் மட்டும் செதுக்கச் சொல்லாதீர்கள், மணிக்கட்டு போய்விடும்.

ஆறாவது மாதம் உங்கள் கையில் மூன்று படைப்புகள் இருக்க வேண்டும்: ஒரு இறகு, ஒரு சிறகு, ஒரு தலை. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் அவள் பார்த்துச் செய்த நிஜப் பொருளின் போட்டோ இருக்கட்டும். நீங்களும் அப்பாவும் உட்கார்ந்து ஒப்பிட்டுப் பாருங்கள். முதல் மாதத்துக்கும் ஆறாவது மாதத்துக்கும் வித்தியாசம் கண்ணுக்குத் தெரிகிறதா? சரியில்லை என்று நீங்கள் காட்டியதை அவளே பிரித்துப்போட்டு மறுபடி செய்தாளா? சொன்ன திருத்தத்தைச் சலிக்காமல் பத்தாவது முறையும் செய்கிற குணம்தான் ஸ்டூடியோவில் ஆளை நிலைக்க வைக்கிறது. கோபித்துக்கொண்டு ஃபைலை மூடிவிடுகிற பிள்ளைக்கு இந்த வேலை சித்திரவதையாக இருக்கும், அதை இப்போதே தெரிந்துகொள்வது அவளுக்கும் நல்லது.

இனி கசப்பான பக்கம். முதல் வேலையிலேயே முடியும் இறகும் கிடைக்கும் என்று நினைக்காதீர்கள். நம் ஊர் ஸ்டூடியோக்களில் புதியவர்கள் பலர் ரோட்டோ (காட்சியில் இருக்கும் ஆளையோ பொருளையோ ஓரம் வரைந்து பிரித்தெடுப்பது), பெயின்ட் (வேண்டாத கம்பி போன்றவற்றை அழிப்பது) போன்ற அடிப்படை வேலைகளில்தான் நுழைகிறார்கள். ஆரம்பச் சம்பளம் குறைவு, படம் வெளியாகும் நேரத்தில் ராத்திரி பகல் தெரியாது, புராஜெக்ட் முடிந்தால் ஒப்பந்தம் முடிகிற இடங்களும் உண்டு. பெரிய பெயர் பாதுகாப்பு தராது. புலியைத் தத்ரூபமாகச் செய்து 2013-ல் ஆஸ்கார் வாங்கிய ரிதம் அண்ட் ஹ்யூஸ் நிறுவனம் அதே மாதம்தான் திவால் மனு போட்டது. 2025 பிப்ரவரியில் விஷுவல் எஃபெக்ட்ஸ் ஸ்டூடியோக்களை நடத்திவந்த டெக்னிகலர் குழுமம் சரிந்தபோது பெங்களூரிலும் மும்பையிலும் திறமைசாலிகள் பலர் திடீரென்று வேலை இழந்தார்கள். ஏஐ பற்றியும் கேட்டிருந்தீர்கள். அழகான படம் ஒன்றை அது நொடியில் கொடுத்துவிடும். ஆனால் டைரக்டர் இடது காது மேல் இருக்கும் கற்றையை மட்டும் கொஞ்சம் தளர்த்து என்று சொன்னால், எல்லாக் கோணத்திலும் எல்லா ஷாட்டிலும் அப்படியே தளர்த்தித் தர இன்னும் ஆள் வேண்டும். ரோட்டோ போன்ற வேலைகள்தான் முதலில் சுருங்கும் என்பது என் கணிப்பு. அதனால் நுழைவாயில் குறுகும், உள்ளே போகிறவர் இன்னும் தேர்ந்தவராக இருக்க வேண்டியிருக்கும்.

டிகிரியை வலியுறுத்துவது இதனால்தான். இந்தத் துறை தள்ளாடும் வருடங்களில் பட்டம் வேறு கதவைத் திறக்கும், வெளிநாட்டு வேலை விசாவுக்கும் பெரும்பாலும் அதைக் கேட்பார்கள். சென்னை தரமணியில் இருக்கும் அரசின் எம்.ஜி.ஆர். திரைப்படப் பயிற்சி நிறுவனத்தில் அனிமேஷன், விஷுவல் எஃபெக்ட்ஸுக்கான நான்கு வருடப் பட்டப்படிப்பு இருக்கிறது. தனியார் நிலையத்தோடு ஒப்பிட்டால் கட்டணம் மிகக் குறைவு. முதலில் அதற்கு விண்ணப்பியுங்கள். சென்னை, கும்பகோணம் அரசு கவின்கலைக் கல்லூரிகளில் களிமண்ணும் கோட்டோவியமும் முறையாகக் கற்கலாம். செதுக்குகிறவர்களுக்கு அதைவிட நல்ல அடித்தளம் கிடையாது. எதுவும் அமையாவிட்டால் பக்கத்து அரசுக் கல்லூரியில் பி.எஸ்சி. விலங்கியல் சேர்ந்துகொண்டு மாலையில் இதைத் தொடரலாம், அதில் குறைச்சல் எதுவும் இல்லை. ஐஐடி-களின் டிசைன் படிப்புக்கான யூசீட் தேர்வை எந்த குரூப் படித்தவரும் எழுதலாம். வழக்கமாக அக்டோபரில் விண்ணப்பம், ஜனவரியில் தேர்வு. பிளஸ் டூ முடித்த வருடமும் அடுத்த வருடமும் மட்டுமே எழுத முடியும் என்பதால் இந்த அக்டோபரை விட்டுவிடாதீர்கள்.

அந்தத் தனியார் நிலையத்துக்கு நேரில் போய் மூன்று விஷயம் கேளுங்கள். சென்ற வருடம் முடித்த மாணவர்களின் ஷோரீலை, அதாவது அவர்கள் செய்த வேலைகளைத் தொகுத்த வீடியோவைக் காட்டச் சொல்லுங்கள், விளம்பரத்தில் வருகிற படத்தை அல்ல. பாடம் நடத்துகிறவர் எந்த ஸ்டூடியோவில் என்ன வேலை பார்த்தார் என்று கேளுங்கள். வேலை உறுதி என்பதை, என்ன வேலை, எவ்வளவு சம்பளம், தராவிட்டால் ஃபீஸ் திரும்பி வருமா என்ற விவரத்தோடு எழுதிக் கொடுக்கச் சொல்லுங்கள். எழுதித் தரத் தயங்கினால் வணக்கம் சொல்லிவிட்டுக் கிளம்பிவிடலாம். கல்விக் கடனோ நகைக்கடனோ வாங்கி அங்கே சேர்க்க வேண்டாம்.

தீபாவளிக்குள் அவள் செய்த முதல் இறகை, பக்கத்தில் நிஜ இறகின் போட்டோவோடு எனக்கு அனுப்பச் சொல்லுங்கள். எங்கே திருத்த வேண்டும் என்று குறித்து அனுப்புகிறேன். அப்பாவையும் ஒரு நாள் போனில் பேசச் சொல்லுங்கள், சிறகைப் பற்றி அவரிடம் கேட்க எனக்கும் கேள்விகள் இருக்கின்றன.