மலைமேல் மெக்சிகன் லசானியா: ராஜ்மா வேகவும் அடுக்கு நிற்கவும்

கேள்வி: ஏற்காட்டில் இருக்கிறோம். கணவருக்குக் கொழுப்பைக் குறைக்கச் சொல்லியிருக்கிறார் டாக்டர். ராஜ்மா, தக்காளி சேர்த்து வேகவைத்து, அடுக்கடுக்காக வைத்து ஓவனில் சுடும் மெக்சிகன் லசானியா செய்தேன். ராஜ்மா வேகவில்லை, வெட்டியதும் தண்ணீர் விட்டுச் சரிந்தது, தயிரும் திரிந்துவிட்டது. எங்கே தவறு?

பதில்: மூன்றுக்கும் காரணம் வேறு வேறு. முதலில் ராஜ்மா. ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரம். அங்கே தண்ணீர் ஏறக்குறைய 95 டிகிரியிலேயே கொதித்துவிடும். குக்கருக்குள்ளும் கீழே சேலத்தில் கிடைக்கும் சூடு கிடைக்காது. 150 கிராம் ராஜ்மாவை 10 மணி நேரம் ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீர் ஊற்றுங்கள். ஒரு விசில் வந்ததும் தீயைக் குறைத்து 25 நிமிடம் விடுங்கள். விரலால் நசுக்கினால் தோலோடு மசிய வேண்டும். நடுவில் வெள்ளையாகக் கட்டி தெரிந்தால் இன்னும் கொஞ்ச நேரம் வேண்டும். தக்காளியோடு சேர்த்து வேகவைத்ததுதான் உங்கள் தவறு. புளிப்பு பட்டால் பருப்பு இளகாது. அரைவேக்காட்டு ராஜ்மா வாந்தி, வயிற்றுப்போக்கைக் கொண்டுவரும். இதில் மட்டும் அவசரமே கூடாது.

அடுத்து, தண்ணீர். 2 டீஸ்பூன் எண்ணெயில் 2 வெங்காயம், 5 பல் பூண்டு, 1 குடைமிளகாய் வதக்கி, அரை கிலோ தக்காளி, உப்பு, 1 டீஸ்பூன் மிளகாய்த்தூள், ஒன்றரை டீஸ்பூன் வறுத்த சீரகத்தூள், 1 டீஸ்பூன் ஆரிகானோ போட்டு, மூடாமல் சுண்ட விடுங்கள். வாணலியின் அடியில் கரண்டியால் ஒரு கோடு இழுங்கள். கோடு உடனே மூடிக்கொண்டால் இன்னும் சுண்டவில்லை. நின்றால், வடித்த ராஜ்மாவைப் பாதி மசித்து, வேகவைத்த சோள முத்து 1 கப்போடு கலக்குங்கள்.

லசானியா என்று பெயர் இருந்தாலும் இதில் பாஸ்தாவுக்குப் பதில் டார்ட்டியா என்ற மக்காச்சோள ரொட்டிதான். மெக்சிகோவில் சுண்ணாம்பு நீரில் வேகவைத்த மக்காச்சோளத்தை அரைத்துத் தட்டுவார்கள். அதனால் மாவு ஒட்டும். நம் ஊர் மாவு அப்படி ஒட்டாது, விண்டுபோகும். எனவே மக்காச்சோள மாவும் கோதுமை மாவும் சரிபாதி எடுத்து, சுடுநீரில் பிசைந்து 6 ரொட்டி இடுங்கள். கடையில் கார்ன்ஃப்ளார் என்று தரும் வெள்ளை மாவு வேண்டாம், அது வெறும் ஸ்டார்ச். மஞ்சள் மாவைக் கேட்டு வாங்குங்கள். எண்ணெய் விடாமல், ஓரம் மொரமொரப்பாகும் வரை சுட்டால் சாறு ஊறியும் குழையாது.

கொழுப்பு குறைந்த தயிர் சூட்டில் சுலபமாகத் திரியும். 200 கிராம் தயிரைத் துணியில் 2 மணி நேரம் தொங்கவிட்டு, 1 டீஸ்பூன் கார்ன்ஃப்ளார் கலந்தால் திரியாது; அந்த வெள்ளை மாவுக்கு வேலை இங்கேதான். டோன்ட் பாலில் எடுத்த பன்னீர் 100 கிராம் உதிர்த்து இதில் சேருங்கள். மேலே தூவ மொசரெல்லா 50 கிராம் போதும். அதிலேயே சுமார் 10 கிராம் கொழுப்பு இருக்கிறது. பொடியாகத் துருவினால் குறைந்த அளவே தட்டு முழுக்கப் பரவும்.

8 அங்குலத் தட்டில் 2 ரொட்டி, ராஜ்மா, தயிர் என்று மூன்று அடுக்கு. ஓடிஜி ஓவனை 180 டிகிரியில் 10 நிமிடம் சூடாக்கி, தட்டை ஃபாயிலால் மூடி 20 நிமிடம், பிறகு சீஸ் தூவி, திறந்து 8 நிமிடம். முதலிலேயே சீஸ் தூவித் திறந்துவைத்தால் அது ரப்பர் போலாகிவிடும். வெளியே எடுத்து 15 நிமிடம் ஆறவிட்டே வெட்டுங்கள். சுடச்சுட வெட்டினால் எவ்வளவு சுண்டவைத்திருந்தாலும் அடுக்கு சரியும்.